யோசனைக்குக் கூலி இருபதாயிரம்

எங்க கொறங்காட்டை வித்ததைப் பத்தி எழுதினப்ப, கிளுவை வேலியைப் பத்தியும் வெள்வேல மரத்தைப் பத்தியும் நிறைய பேர் கேட்டீங்க. வந்த பணத்தை என்ன பண்ணினேன்னு ஒருத்தரும் கேக்கலை. அது பட்டணத்து நாகரிகம். இங்க, பத்திரம் பதிஞ்சுட்டு பஸ் ஏறி ஊர் வந்து சேர்றதுக்குள்ள டீக்கடையில நாலு பேருக்கு எவ்வளவு வந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தது. அஞ்சாவது ஆளுக்கு அதை எதுல போடணும்ங்கறதும் தெரிஞ்சிருந்தது.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கொறங்காடுன்னா மேய்ச்சல் காடு. கொழுக்கட்டைப் புல் தானா முளைச்சுக் கெடக்கும், நடுநடுவே வெள்வேலம், சுத்தியும் கிளுவை முள் வேலி. காங்கயம் மாடு இந்தக் காட்டை நம்பி வளந்ததுதான். எங்களது 3 ஏக்கர் 60 சென்ட். சோலார் கம்பெனிக்காரங்க சுத்துவட்டாரத்தை வாங்கினப்ப எங்க காடு நடுவுல மாட்டிக்கிச்சு. ஏக்கர் 14 லட்சம்னு மொத்தம் 50 லட்சத்து 40 ஆயிரம். அதுல பாதி அக்காவுக்கு. சட்டப்படியும் பாதி, ஞாயப்படியும் பாதி. என் கைக்கு வந்தது 25 லட்சத்து 20 ஆயிரம். எங்களது டவுன் எல்லைக்கு ரொம்பத் தள்ளி இருக்குற விவசாய நிலம்ங்கறதால அதுக்கு வரி இல்லைன்னு ஆடிட்டர் சொல்லிட்டார்.

என் வாழ்க்கையில நான் மொத்தமாப் பார்த்த பெரிய பணம் அதுக்கு முன்னாடி நாலு லட்சம். அதுவும் முருங்கை கிலோ நூறு ரூபாய்க்கு மேல போன ஒரே ஒரு வருஷம்.

பணம் பேங்குல ஏறின மறுநாளே மச்சான் வந்தார். திருப்பூர்ப் பக்கம் சைட்டு, மூணு வருஷத்துல டபுள். பங்காளி ஒருத்தர் சீட்டு சேரச் சொன்னார். இன்னொருத்தர், "பைனான்ஸ்ல போட்டா ரெண்டு ரூபா வட்டி, மாசம் பொறந்தா காசு"ன்னார். யாரும் ஒரு பைசா கேக்கலை. எல்லாமே பாசத்துல சொன்ன யோசனை.

பாசத்துல சொன்ன யோசனை எங்களுக்குப் பழக்கம்தான். பத்து பதினாலு வருஷம் முன்னாடி இந்தப் பக்கம் பூரா ஈமு கோழி ஓடுச்சு. ஒன்றரை லட்சம் கட்டினா குஞ்சு தர்றோம், தீவனம் தர்றோம், மாசாமாசம் ஆறாயிரம் தர்றோம்னாங்க. எங்களுக்குச் சொன்னது சொந்தச் சித்தப்பா. அவரும் போட்டிருந்தார், மனசார நம்பித்தான் சொன்னார். நாலு மாசம் காசு வந்துச்சு. அப்புறம் கம்பெனி பூட்டிக் கெடந்துச்சு, ஆறு கோழி மட்டும் எங்க வேலிக்குள்ள நின்னு என்னையே பார்த்துச்சு. அது சாகுற வரைக்கும் தீனி போட்டது தனிச் செலவு.

இந்தத் தடவை பயமா இருந்தது. பாட்டன் காட்டை வித்தாச்சு. அந்தக் காசும் போச்சுன்னா எனக்கு மொகம் கிடையாது.

பையன் கோயமுத்தூர்ல படிக்கிறான். அவன்தான் சொன்னான். "அப்பா, எதையும் விக்காம, யோசனைக்கு மட்டும் பீஸ் வாங்குறவங்க இருக்காங்க. செபியில பதிவு பண்ணியிருக்கணும், பதிவு நம்பர் ஐ.என்.ஏ.ன்னு ஆரம்பிக்கும், செபி வெப்சைட்டுல நாமளே சரிபார்த்துக்கலாம்."

"எவ்வளவு வாங்குவாங்க?"

"நான் விசாரிச்ச ஒருத்தர் இருபதாயிரம் சொன்னார்."

வீட்டுக்காரி மாட்டுக்குத் தவிடு கலக்கிட்டிருந்தவ நிமிர்ந்தா. "ரோசனைக்கு இருபதாயிரமா? உங்க அப்பாரு ஓசியில ஒரு ரோசனை சொல்லிட்டுப் போனாரே, காட்டை விக்காதேன்னு. அதையே நீங்க கேக்கலை."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பத்து நாள் அந்தப் பேச்சை எடுக்கலை.

இருபதாயிரம்னா உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது ரெண்டு மாடு கறந்து ஊத்துற ரெண்டு மாசப் பால் காசு. அதைக் குடுத்துட்டு கைல ஒரு பொருளும் இல்லாம வீட்டுக்கு வரணும். உரக்கடையில குடுத்தா மூட்டை வரும். போர்க்காரனுக்குக் குடுத்தா தண்ணி வருதோ இல்லையோ, குழியாவது இருக்கும்.

ஆனா யோசிச்சுப் பார்த்தா இப்படிக் காசு குடுக்கறதும் எங்களுக்குப் புதுசில்லை. எங்க அப்பா கண்ணபுரம் சந்தைக்கு மாடு வாங்கப் போறப்ப, பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவார். பல்லு, கொளம்பு, சுழி எல்லாம் பார்க்கத் தெரிஞ்சவர். பஸ் காசு, சாப்பாடு, கைல ஒரு தொகை, எல்லாம் அப்பா செலவு. சந்தையிலயே தரகர்கள் இருப்பாங்களே, துண்டுக்கு அடியில வெரலைப் பிடிச்சு வெலை பேசுறவங்க. அவங்ககிட்ட சும்மாவே கேக்கலாமேன்னு சின்ன வயசுல கேட்டேன். "அவன் விக்கிறவன்கிட்டயும் வாங்குறான்டா. மாடு நொண்டுதுன்னு சொன்னா அவனுக்குத் தரகு போயிரும்"னார் அப்பா. கூட வர்ற பெரியவருக்கு மாடு வித்தாலும் விக்காட்டியும் அதே காசு. பல தடவை ஒண்ணும் வாங்காமலே திரும்பி வந்திருக்காங்க.

ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சோம். ஒரு ஆபீசுல, மொத்தப் பணத்துல வருஷம் ஒரு சதவீதம்னாங்க. கேக்கக் கம்மியாத்தான் தெரிஞ்சது. கணக்குப் போட்டா வருஷம் 25 ஆயிரம், வருஷா வருஷம். வாரத்துக்கு நிலம் விட்டாக்கூட வெளஞ்சாத்தான் வாரம் அளக்கணும். இது வெளயாத வருஷமும் அளக்கணும். பணம் கோடியில இருந்து, அடிக்கடி மாத்திப் போடவேண்டிய வேலையும் இருக்குறவங்களுக்கு அது சரியா இருக்கலாம். எனக்கு ஆகாது. இன்னொருத்தர்தான் பையன் சொன்னவர், ஒரே தடவை இருபதாயிரம். அடுத்த வருஷம் வேணும்னா வாங்க, அப்ப ஐயாயிரம், வேண்டாம்னா வேண்டாம்னார். கொறைச்சுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். கொறைக்கலை. "போட்ட பணத்துக்கு யார்கிட்டயும் எனக்குக் கமிஷன் கிடையாதுங்கண்ணா. இதுதான் என் கூலி"ன்னார். கூலின்னு சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. பால் காசுல குடுத்தேன். காட்டுக் காசைத் தொடலை.

அந்தத் தம்பிக்கு வயசு முப்பத்தஞ்சுதான் இருக்கும். எதுல போடலாம்னு சொல்வார்னு போய் உக்காந்தா, மொதல் ஒண்ணரை மணி நேரம் கேள்விதான். வீட்டுச் செலவு வருஷத்துக்கு எவ்வளவுங்கண்ணா? எனக்குத் தெரியலை. முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன், தெரியலை. வீட்டுக்காரி கட்டைப்பையில இருந்து பால் சொசைட்டி நோட்டை எடுத்தா. முன்பக்கம் பால் கணக்கு. பின்பக்கம் இருந்து திருப்பினா மளிகை, மருந்து, பையன் பீஸ், எல்லாமே இருந்தது. தனியா ரெண்டு பக்கத்துல மொய். ஒரு வருஷத்துக்கு மொய் மட்டும் 38 ஆயிரம். அந்தத் தம்பி அதைப் பார்த்துட்டு, "இதைக் கொறைக்க முடியாதுங்களா?"ன்னு கேட்டார். வீட்டுக்காரி சிரிச்சா. "நாங்க வாங்கினதைத் திருப்பி வெக்கிறோம் சாமி. அதுவும் கடன்தான்." அவர் அதையும் ஒரு கடன்னே எழுதிக்கிட்டார்.

அப்புறம் கடன் கணக்கு. இங்கதான் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. காசு வந்ததும் சொசைட்டிப் பயிர்க்கடனை மொதல்ல அடைக்கணும்னு முடிவு பண்ணியிருந்தேன். கடன்காரன்னு நோட்டுல பேர் இருக்குறது கௌரவக் குறைச்சல். "அதுக்கு வட்டி என்னங்கண்ணா?"ன்னார். தவணைக்குள்ள கட்டினா வட்டியே இல்லை. "அப்ப தவணை வர்றப்ப கட்டுங்க, இப்ப என்ன அவசரம்? வேற என்ன இருக்கு?" நகைக்கடன் 2 லட்சத்து 70 ஆயிரம். அப்புறம் மச்சான்கிட்ட வாங்கின ஒன்றரை லட்சம், ரெண்டு ரூபா வட்டி. அவர் அசலைக் கேக்கவே மாட்டார், அதனால எனக்கு அது கடன் மாதிரியே தோணினதில்லை. மாசம் 3,000, வருஷம் 36 ஆயிரம் வட்டி போயிட்டிருக்கு. வட்டியில்லாத கடனை அவசரமா அடைச்சுட்டு, நூத்துக்கு 24 வட்டியை அப்படியே விட்டுவைக்க இருந்தேன். இது தெரிஞ்சுக்க ஒரு நிபுணர் வேணுமான்னு கேட்டா, வேண்டாம். பத்தாவது படிச்ச எனக்கே தெரிஞ்சிருக்கணும். ஆனா சொந்தக்காரங்க யாரும் அதைச் சொல்லலை. மச்சான் சொல்வாரா?

எல்லாத்துலயும் அவர் சொன்னது சரின்னும் சொல்ல மாட்டேன். மாசாமாசம் இவ்வளவு போடுங்கன்னு ஒரு திட்டம் சொன்னார். மாசச் சம்பளக்காரங்களுக்குச் சொல்ற திட்டம். முருங்கை ஒரு சமயம் கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போகும், பறிகூலிக்கே பத்தாது. தேங்காய் வெட்டு ஒண்ணரை மாசமோ ரெண்டு மாசமோ ஆகும். எங்களுக்கு மாசம்னு ஒண்ணு கிடையாதுன்னு நான் விளக்கினேன். கேட்டுட்டு அதை அடிச்சுட்டு வேற எழுதினார். அதுக்கு அவர் எனக்குக் கூலி தரலை.

கடைசியாத்தான் பையில இருந்து ஒரு காகிதத்தை எடுத்தேன். பேங்க் பேரு வேண்டாம். அங்க ஒரு ஆபீசர், பணம் ஏறினதுல இருந்து தினமும் போன் பண்ணி அய்யா அய்யான்னு பேசுவார், வீட்டுக்கே வந்து காப்பி குடிச்சார். வருஷம் 3 லட்சம், 20 வருஷம் கழிச்சு 60 லட்சம், நடுவுல நமக்கு ஏதாவது ஆச்சுன்னா குடும்பத்துக்குப் பணம். இன்சூரன்ஸ் திட்டம். நல்லாத்தானே இருக்குன்னு எனக்கும் தோணியிருந்தது. அந்தத் தம்பி காகிதத்தைப் பார்த்துட்டு, "இதுல பத்து வருஷம் கட்டணும்னு இருக்குங்கண்ணா, கவனிச்சீங்களா?"ன்னார். பொடி எழுத்துல இருந்தது. மொத்தம் கட்டுறது 30 லட்சம், வர்றது 60. "டபுள் ஆகுதுல்ல?"ன்னேன். கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வெச்சார். அது வருஷத்துக்கு நாலரை சதவீதம்தான் வருது. அதே பணத்தை 7 சதவீதத்துல போட்டு வெச்சா 20 வருஷத்துல 87 லட்சம். இருபது வருஷமும் ஒரே வட்டி நிக்காதுதான், ஆனாலும் வித்தியாசம் எவ்வளவுன்னு புரிஞ்சுது. தபாலாபீஸ் கிசான் விகாஸ் பத்திரத்துல 115 மாசத்துல பணம் டபுள் ஆகுதுன்னார். பேருலயே கிசான் இருக்கு, எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

"நல்லவேளை நீங்க போடலை"ன்னு காகிதத்தை மடிச்சுக் குடுத்தார்.

"நான் போடலைங்க. அக்கா போட்டுட்டாங்க"ன்னேன்.

அக்காவை அந்தப் பேங்குக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான். மாமா போய் எட்டு வருஷம் ஆச்சு. அக்காவுக்கு வயசு 61, வெள்ளக்கோவில்ல மக வீட்டோட இருக்காங்க. "தம்பி சொன்னாச் சரி"ன்னு ஆபீசர் காட்டின எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டாங்க. ஒரு தடவை 3 லட்சம் கட்டினாப் போதும்னுதான் அவங்க புரிஞ்சிருந்தாங்க. நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன், நானும் அப்படித்தான் நெனச்சேன். அவங்களுக்கு வந்த மொத்தப் பணம் 25 லட்சம். பத்து வருஷம் கட்ட 30 லட்சம் வேணும். சீக்கிரத்துலயே கட்டுறதை நிறுத்தினா போட்டதுல ஒரு பகுதி போயிரும்.

அந்தத் தம்பி பேனாவைக் கீழே வெச்சார். "பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து எத்தனை நாளாச்சுங்கண்ணா?"

பத்திரம் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள, பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்க சட்டத்துல எடம் இருக்காம். சின்னச் செலவு பிடிச்சுக்கிட்டு மீதியைத் தந்தாகணும். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அக்காவுக்குப் போன் பண்ணினோம். கவர் எங்க, எப்ப வந்துச்சுன்னு கேட்டா, "பீரோவுல இருக்கு தம்பி, சஷ்டி அன்னைக்கு வந்துச்சு"ன்னாங்க. வீட்டுக்காரி செல்போன்ல காலண்டரைத் தள்ளித் தள்ளி எண்ணினா. இருபத்தஞ்சு நாள். அன்னைக்கு வெள்ளிக்கிழமை, மணி நாலு.

திங்கட்கிழமை காலையில பேங்க் திறக்குறப்பவே அக்காவும் நானும் வாசல்ல நின்னோம். கடிதம் எப்படி எழுதணும்னு அந்தத் தம்பி சொல்லியிருந்தார். ரெண்டு காப்பி, ஒண்ணுல தேதியோட சீல் வாங்கணும், அதே நாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயிலும் போகணும். ஆபீசர் மொகம் மாறிப் போச்சு. "அம்மா, அவசரப்படாதீங்க, மேலிடத்துல பேசிட்டுச் சொல்றேன், அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் போனா நாள் தாண்டிரும். அக்கா அப்ப ஒண்ணு சொன்னாங்க பாருங்க. அதட்டவெல்லாம் இல்லை. "நீங்க பேசுங்க கண்ணு, பேசி முடிக்கிற வரைக்கும் நான் இப்படி உக்காந்திருக்கேன்"னு சேரை இழுத்துப் போட்டு, பையில இருந்து வெத்தலையை எடுத்தாங்க. பன்னெண்டரை மணிக்கு சீல் விழுந்துச்சு. அந்தப் பையன் மேலயும் எனக்குப் பெரிய கோவம் இல்லை. மாசத்துக்கு இத்தனை பாலிசின்னு மேல இருந்து அவனை நெருக்குவாங்க போல. வெளியே வர்றப்ப எங்களை அவன் நிமிர்ந்தும் பார்க்கலை.

மூணு வாரத்துல ஆயிரத்துச் சொச்சம் போக மீதிப் பணம் அக்கா கணக்குக்கு வந்துருச்சு. அந்த மூணு வாரமும் நான் சரியாத் தூங்கலை.

என் பணம் எங்கே போச்சுன்னும் சொல்லிர்றேன். மச்சான் கடனும் நகைக்கடனும் தீர்ந்தது போக மிச்சம் 21 லட்சம். தபாலாபீஸ் மாத வருமானத் திட்டத்துல என் பேர்லயும் வீட்டுக்காரி பேர்லயும் சேர்த்து 9 லட்சம். இப்ப இருக்குற 7.4 சதவீத வட்டிக்கு மாசம் 5,550 வருது. வாழ்க்கையில மொதத் தடவையா ஒண்ணாம் தேதிங்கறதுக்கு எங்க வீட்டுல ஒரு அர்த்தம். 5 லட்சத்தை ரெண்டு பேங்குல பிரிச்சு டெபாசிட், மழை பொய்ச்சா ரெண்டு வருஷம் தாங்குற மாதிரி. ஒரு பேங்குல ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடுங்கறதும் அப்பத்தான் தெரியும். பையன் படிப்புக்கு 4. மிச்சம் மூணு லட்சம் மியூச்சுவல் ஃபண்டுல, தரகர் இல்லாம நேரடியா வாங்குற வகையில. அவர் அஞ்சு லட்சம் போடச் சொன்னார், வீட்டுக்காரி ஒண்ணுமே வேண்டாம்னா, மூணுல நின்னுது. போன மாசம் பார்த்தப்ப போட்டதைவிடக் கம்மியா இருந்தது. ஏழெட்டு வருஷத்துக்குப் பார்க்காதீங்கன்னு சொல்லியிருக்கார். பார்த்துட்டுத்தான் இருக்கேன்.

ஒரு விஷயத்துல அவர் பேச்சைக் கேக்கலை. மழைக்குன்னு வெச்ச பணத்துல 48 ஆயிரம் எடுத்து காங்கயம் கெடாரி ஒண்ணு வாங்கிட்டேன். பால் அதிகம் கறக்காது, அதைக் கணக்குல நியாயப்படுத்த முடியாது. "மேய்ச்சக் காட்டை வித்துட்டு மேயுற மாட்டை வாங்கின ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்"னு வீட்டுக்காரி சொல்லிட்டா. போன்ல சொன்னப்ப அந்தத் தம்பி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "இதை எந்தத் தலைப்புல எழுதறதுங்கண்ணா?"ன்னார்.

பணம் திரும்பி வந்தப்புறம் அக்கா கேட்டாங்க, "நானும் அந்தத் தம்பிக்கு இருபதாயிரம் குடுத்துக் கேக்கட்டுமா?"ன்னு. வேண்டாம்னுட்டேன். அவங்களுக்குக் கடன் இல்லை, காடு இல்லை, படிக்கிற புள்ளை இல்லை. அறுபது தாண்டினவங்களுக்கு தபாலாபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு, 30 லட்சம் வரைக்கும் போடலாம், இப்ப 8.2 சதவீதம். அக்கா 20 லட்சம் போட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா 41 ஆயிரம் வருது. மீதி கைச்செலவுக்குப் பேங்குல இருக்கு. இதுக்கு எதுக்குக் கூலி? நானும் அடுத்த வருஷம் ஐயாயிரம் குடுத்துப் போவேனான்னு தெரியலை. பையன் படிப்பு முடிஞ்சு, தோட்டத்தை என்ன பண்றதுன்னு கேள்வி வர்றப்ப ஒருக்கா போவேன்.

மொத வட்டி வந்த அன்னைக்கு அக்கா பஸ் ஏறி வந்தாங்க. முந்தானை முடிச்சுல இருந்து பத்தாயிரத்தை எடுத்து வீட்டுக்காரி கைல வெச்சாங்க, அந்தத் தம்பிக்குக் குடுத்த கூலியில என் பாதின்னு. எவ்வளவு சொல்லியும் திருப்பி வாங்கலை. வீட்டுக்காரி அதை நோட்டுல எழுதி வெச்சிருக்கா, மொய் பக்கத்துல.